ஏழாம் குழியின் மூன்றாவது மரம்

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. போன வருடம் தேர்வுப் போட்டியன்று நாற்பது பேர் நடுவில் அது தானாகத் திறந்து என் தம்பியைப் பார்த்து ஒரு பழமொழியைச் சொன்னது. அன்றிலிருந்து எட்டு மாதம் அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஊரில், இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு.

எங்கள் விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. சின்னத் தட்டு அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வட்டு, அவ்வளவுதான். எறிமேடையில் நின்று அதை எறிய வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். கடைசியில் சங்கிலி தொங்கும் ஓர் இரும்புக் கூடைக்குள் போட வேண்டும். குறைந்த எறியில் போட்டவர் கெட்டிக்காரர். ஒரு மேடையிலிருந்து ஒரு கூடை வரைக்கும் உள்ள பாதைக்குக் குழி என்று பெயர். குழி எங்கே என்று கேட்காதீர்கள், கிடையாது. வட்டு கையைவிட்டுப் போனபின் மரமும் காற்றும் சரிவும் அதை என்ன செய்யும் என்பதுதான் விளையாட்டு.

நான் தொழிலில் சர்வேயர். தம்பி பூட்டுக்கடை வைத்திருக்கிறான், சாவி அடிக்கிறவன். நகராட்சிப் பூங்காவின் பின்பக்கம் புதராகக் கிடந்த நிலத்தில் பதினெட்டுக் குழிகள் வரைந்து கொடுத்தது நான். அந்தப் புதரை இரண்டு கோடை முழுக்க என்னோடு நின்று வெட்டியவன் அவன். வரைபடத்தில் என் பெயர் இருக்கும். அவன் உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கும்.

எனக்கு ஒரு கொள்கை உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையெல்லாம் என் மைதானத்தில் நடக்கக் கூடாது. நல்ல எறிக்கு நல்ல பலன், மோசமான எறிக்கு மோசமான பலன். அதிர்ஷ்டம் என்பது தோற்றவன் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மருந்து. இதை நான் எல்லோரிடமும், அவர்கள் கேட்காவிட்டாலும், சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் நொட்டாங்கைக்காரி. வலது கைக்காரர் எறிந்த வட்டு வேகம் அடங்கும்போது இடப்பக்கம் சாயும். என்னுடையது வலப்பக்கம் சாயும். 'தன் கைக்கு ஏற்றமாதிரி வரைந்துகொண்டாள்' என்று எவனும் சொல்லிவிடக் கூடாதே என்று, இடப்பக்கம் வளையும் குழிகளையும் வலப்பக்கம் வளையும் குழிகளையும் எண்ணி எண்ணிச் சமமாக வைத்தேன். ஏழாவது குழியை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது நேர்க்குழி. நேர் வழிக்கு இடது ஏது, வலது ஏது?

ஏழாவதுதான் என் செல்லப் பிள்ளை. மேடையிலிருந்து நூற்றைம்பதடி நடந்தால் இரண்டு மரங்கள், வாசற்கால் போல. நடுவில் ஒரு கார் நுழையும் இடைவெளி. அதற்குள் புகுந்து நேராக இன்னும் அத்தனை தூரம் போனால் கூடை. வாசலைத் தாண்டி உள்ளே, இடப்பக்கமாக, ஒரு மூன்றாவது மரம் உண்டு. அது வழியில் இல்லை, தள்ளித்தான் நின்றது. அந்தக் குழியை நான் எப்போதும் மூன்று எறியில் முடிப்பேன். சில நாள் இரண்டில்.

தேர்வுப் போட்டிக்கு வருவோம். மாநில அணிக்கு நான்கு பேரை எடுப்பார்கள். தம்பி மூன்று வருடமாகக் கடையைத் திறப்பதற்கு முன் தினமும் எறிந்து பழகினான். அன்று ஆறு குழி வரைக்கும் இரண்டாம் இடத்தில் இருந்தான். ஏழாவதில் அவன் வட்டு வாசலுக்குள் அழகாகப் புகுந்தது. உள்ளே போய் மூன்றாவது மரத்தில் பட்டுத் தெறித்து ஓடைக்குள் விழுந்தது. அவனுக்குப் பின்னால் எறிந்தவனின் வட்டும் அதே மரத்தில்தான் பட்டது. ஆனால் அது தெறித்துக் கூடையடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நாள் முடிவில் அந்த ஆள் நான்காவது, என் தம்பி ஐந்தாவது. ஒரே ஒரு எறி வித்தியாசம்.

எல்லோரும் கூடி நின்றபோது அவன் என்னிடம் வந்தான். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்: "அக்கா, அந்த ஏழாவதுல எறியறது பூவா தலையா போடற மாதிரி இருக்கு. முந்நூறு தடவை எறிஞ்சு பாத்துட்டேன். பாதிக்குப் பாதிதான் வருது."

நான் என்ன சொல்லியிருக்கலாம்? 'பார்க்கலாம்டா' என்றிருக்கலாம். 'வா, டீ குடிக்கலாம்' என்றிருக்கலாம். நான் சொன்னது: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

நாற்பது பேரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. வட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் மைதானத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. பையைப் பரணில் போட்டுவிட்டான் என்று அவன் மனைவி சொன்னாள்.

எட்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, பூங்கா இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

"மேடம், வியாழக்கிழமை காலைல கான்கிரீட் லாரி வருது. பதினெட்டு எறிமேடையும் ஒரே நாள்ல ஊத்திடறோம். ஊத்திட்டா இருபது வருஷத்துக்கு அசையாது" என்றார். பிறகு புகார்ப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். "ஏழாவது குழி லாட்டரின்னு பதினோரு பேர் எழுதியிருக்காங்க. திறமையா, அதிர்ஷ்டமான்னு நீங்களே பாத்து ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க. நான் ஃபைல்ல வெச்சுக்கறேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "எழுதியே குடுக்கறேன்! நம்பரோட குடுக்கறேன்!" என்றேன்.

"ஆகட்டும்" என்றார்.

நம்பர் என்று நான் சொன்னது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஒரு வருடமாக ஆடியவர்கள் போட்டுவிட்டுப் போன எண்ணிக்கை அட்டைகள் அத்தனையும், அறுநூற்றுப் பன்னிரண்டு, என்னிடம் ஒரு செருப்புப் பெட்டியில் இருந்தன. வழியும் சுலபம். மொத்தத்தில் குறைவாக எறிந்த அட்டைகளை ஒரு கட்டு, அதிகமாக எறிந்தவற்றை இன்னொரு கட்டு. நல்லவர் கட்டு, சுமார் கட்டு. பிறகு ஒவ்வொரு குழியாகப் பார்க்க வேண்டும். ஒரு குழியில் நல்லவர்கள் குறைவாகவும் சுமாரானவர்கள் அதிகமாகவும் எறிந்திருந்தால் அந்தக் குழி திறமையைக் கேட்கிறது. இரண்டு கட்டுக்கும் ஒரே எண் வந்தால், அங்கே வேலை செய்வது அதிர்ஷ்டம். யார் போனாலும் ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகளைப் பரப்பினேன். என் வீட்டுக்காரர் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார், பாவம்.

முதலில் பன்னிரண்டாவது குழி. அது சரிவில் இருக்கிறது, கூடைக்கு அருகே விழும் வட்டு உருண்டு ஓடும். தம்பியின் யோசனை அது. 'இதெல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்டா' என்று அன்றைக்கே கேலி செய்திருந்தேன். கணக்குப் பார்த்தால் பதினெட்டில் திறமையை அதிகம் கேட்பது அதுதான்! நல்லவர்கள் வட்டைத் தட்டையாக இறக்குகிறார்கள், அது உருளுவதில்லை. சரி, அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அடுத்ததற்குப் போனேன்.

ஏழாவது குழி. நல்லவர் கட்டுக்குச் சராசரி மூன்று புள்ளி இரண்டு. சுமார் கட்டுக்கு மூன்று புள்ளி எட்டு. திறமைதான், சந்தேகமே இல்லை. நான் கைதட்டியதில் வீட்டுக்காரர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

அதை அப்படியே இன்ஜினியரிடம் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. ஆனால் எனக்கு அது போதவில்லை. தம்பி முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். காட்டினால் 'சரிக்கா, என் தப்புதான்' என்று சொல்வான், பழையபடி பேசுவான், மைதானத்துக்கு வருவான். சமாதானத்துக்குத்தான் போகிறேன் என்றே நான் நம்பினேன். மறுநாள் சாயங்காலம் செருப்புப் பெட்டியும் கையுமாக அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் மனைவி கதவைத் திறந்தாள். வீட்டின் பின்னறைதான் அவன் பட்டறை. உள்ளேயிருந்து சாவி அராவும் சத்தம் வந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது, அவன் முதுகு தெரிந்தது. என் குரல் கேட்டதும் ஒரு கணம் அரம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"வாங்க அண்ணி, உக்காருங்க" என்றாள் அவள். "என்ன பெட்டி இது?"

"உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு. ஏழாவது குழிக்குக் கணக்குப் போட்டுட்டு வந்திருக்கேன். திறமைதான்னு நம்பரே சொல்லுது."

அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்க அக்கா..."

"கேட்டுச்சு" என்றான் உள்ளேயிருந்து. "எத்தனை அட்டைன்னு கேளு."

"எத்தனை அட்டை அண்ணி?"

"அறுநூத்திப் பன்னெண்டு" என்று நான் பட்டறைப் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

"அதுல அவங்க அட்டை எத்தனைன்னு கேளு."

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். "நான் என்ன தபால்காரியா? பத்தடி தூரத்துல இருந்துட்டு ரெண்டு பேரும் என் கழுத்தைச் சுளுக்க வைக்கறீங்க!" ஆனாலும் கேட்டாள்: "உங்களுது எத்தனை அண்ணி?"

"நூத்தி நாப்பது இருக்கும். நான்தானே தினம் ஆடறேன்?"

"அதை எடுத்துட்டுப் போடச் சொல்லு" என்றான் அவன். "பரீட்சை வெக்கறவங்களே பரீட்சை எழுதி, அவங்களே திருத்தினா, எல்லாக் கேள்வியும் சுலபமாத்தான் தெரியும். அவங்க பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணே காலு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சவாலுக்குப் பயந்தவள் இல்லை நான். "எடுத்துட்டே போடறேன்! ஒண்ணும் குடி முழுகிடாது!" என்று பெட்டியைக் கவிழ்த்தேன்.

அவன் மனைவி அட்டைகளை வாசித்தாள், நான் எழுதினேன். என் நூற்று நாற்பதையும் தள்ளிவிட்டு மறுபடி இரண்டு கட்டாகப் பிரித்தோம். ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே அரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சாவிக்கு ஒரு மணி நேரம் எவனும் அராவ மாட்டான். நான் அதைக் கேட்காத மாதிரி இருந்தேன்.

நல்லவர் கட்டு மூன்று புள்ளி இரண்டிலிருந்து மூன்று புள்ளி ஆறுக்கு ஏறிவிட்டது. சுமார் கட்டு அதே மூன்று புள்ளி எட்டு. வித்தியாசம் கொஞ்சம்தான் மிச்சம். ஆனாலும் இருக்கிறது. "பாத்தியா, அப்பவும் திறமைதான்" என்றேன். குரல் அவ்வளவு பலமாக வரவில்லை.

அவள் கையில் நல்லவர் கட்டிலிருந்து இன்னும் சில அட்டைகள் இருந்தன. அவற்றைப் புரட்டிக்கொண்டே, "அண்ணி, இவர் மட்டும் ஏழாவதுல எல்லாத்துலயும் மூணு, மூணு, மூணுன்னு போட்டிருக்காரே. மத்த குழியெல்லாம் ஏறி இறங்கி வருது. யாரு இவரு, இதுல மட்டும் அவ்வளவு கெட்டிக்காரரா?" என்றாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். பேக்கரிக்காரர். நல்ல மனுஷர், நல்ல ஆட்டக்காரரும்கூட. என்னைப் பார்த்தால் 'நம்ம கட்சி' என்று கையைத் தூக்கிக் காட்டுவார். இடது கையை. எங்கள் கூட்டத்தில் நொட்டாங்கைக்காரர்கள் நாங்கள் இரண்டே பேர்தான்.

அவருடைய அறுபது அட்டைகளையும் நானே எடுத்துத் தனியாக வைத்தேன். மறுபடி பிரித்தேன், மறுபடி கூட்டினேன். நல்லவர்கள் மூன்று புள்ளி எட்டு. சுமாரானவர்கள் மூன்று புள்ளி எட்டு. சரியாக, தராசில் வைத்த மாதிரி.

"என்ன அண்ணி வந்துச்சு?" என்றாள் அவள்.

பட்டறையில் அரம் நின்றிருந்தது.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் நான் மனுஷி. "தலைவலிக்குதும்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்று அட்டைகளை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது, வேறென்ன?

புதன்கிழமை விடிந்ததும் ஏழாவது குழிக்குப் போனேன். மேடையில் நான் எப்போதும் நிற்கும் மாதிரி நிற்காமல், வலது கைக்காரர் மாதிரி உடம்பை மறுபக்கம் திருப்பி, வலது தோளை முன்னால் வைத்து நின்று பார்த்தேன். பிறகு அந்த மூன்றாவது மரத்திடம் நடந்தேன். புதர் வெட்டிய காலத்துக்குப் பிறகு நான் அதன் பக்கத்தில் போனதே இல்லை. என் வட்டு ஒரு நாளும் அங்கே போனதில்லை, நான் எதற்குப் போகிறேன்? வாசலைத் தாண்டியதும் என்னுடையது வலப்பக்கம், வெட்டவெளிப் புல்லின்மேல் சாயும். மற்ற எல்லோருடையதும் இடப்பக்கம் சாய்ந்து, சாய்ந்து, இங்கே வந்து முட்டும்.

அந்த மரத்தின் பட்டை நெஞ்சுயரத்தில் முழுக்கச் சிதைந்து கிடந்தது. வட்டு விளிம்பு வெட்டிய கோடுகள். சிவப்பு, மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் துணுக்குகள் இடுக்குகளில் ஒட்டியிருந்தன. உள்மரம் வெளுத்துத் தெரிந்தது. நூற்றுக்கணக்கில் பட்டிருக்கின்றன. மரம் உருண்டை, பட்ட வட்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஒன்று ஓடைக்குப் போகும், ஒன்று கூடைக்குப் போகும். கையைக் குறுக்கே வீசாமல் மணிக்கட்டால் முன்பக்கம் சுண்டி எறிந்தால் வலது கைக்காரர் வட்டும் என் பக்கம் சாயும்தான். ஆனால் அத்தனை தூரம் சுண்டி எறிய எங்கள் ஊரில் யாருக்கும் வராது.

வளையும் குழிகளையெல்லாம் எண்ணிச் சமம் செய்தவளுக்கு, நேர்க்குழியும் கடைசியில் வளையும் என்று தோன்றவில்லை. எந்தக் குழியில் தம்பி தோற்றானோ அந்தக் குழியில் நான் ஜெயித்தது என் திறமையில் இல்லை. பிறக்கும்போதே கூட வந்த கையால். அதிர்ஷ்டத்தை வாய்க்கு வந்தபடி திட்டியவளுக்கு அது அடித்த அடி இது. அந்த மரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அவன் முந்நூறு தடவை எறிந்து பார்த்ததை நினைத்துத்தான் அழுதேன்.

பிறகு எழுந்து இன்ஜினியர் அலுவலகத்துக்குப் போனேன். ஏழாவது மேடையை நகர்த்த வேண்டும் என்றதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், குழி தோண்டியாச்சு. பலகை அடிச்சாச்சு. அந்த மரத்தை வேணா வெட்டிடலாமே?"

"மரம் என்ன பாவம் பண்ணுச்சு? தப்பு பண்ணினது நான்."

"அப்போ காரணம் எழுதிக் குடுங்க" என்று ஒரு படிவத்தை நீட்டினார். காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'வடிவமைத்தவர் இடது கைக்காரர். தன் கைக்கு வந்ததைத் திறமை என்று நினைத்துவிட்டார். வலது கைக்காரர்களுக்கு இந்தக் குழி நியாயம் செய்யவில்லை. பிழை முழுவதும் அவருடையது.' கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆகட்டும். ஆனா லாரி ஏழு மணிக்கு வந்துடும். அதுக்குள்ள இடம் காட்டணும்" என்றார்.

எந்த இடம்? அதுதான் சிக்கல். காகிதத்தில் வரைந்துவிடலாம், ஆனால் என் காகிதத்தை நானே நம்பவில்லை. எறிந்து பார்க்க வேண்டும். வலது கையால், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி எறியக்கூடிய ஒருவர் வேண்டும். அப்படி எறிகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அவன் பையோ பரணில் இருக்கிறது.

தம்பி மனைவிக்குப் போன் செய்தேன். "ஏம்மா, கடைசியா ஒரு தடவை தபால் குடுத்துடு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஏழாவது குழிக்கு வலது கையால எறிய ஒரு ஆள் வேணும். வரணும்னு கட்டாயம் இல்ல. வந்தா நல்லாருக்கும்."

"சொல்றேன் அண்ணி" என்றாள்.

வியாழக்கிழமை ஐந்தரைக்கே போய்விட்டேன். முளைக்குச்சிகள், சுத்தியல், நாடா எல்லாம் கொண்டுபோனேன். இடது கைக்கு எறிந்து பார்க்க பேக்கரிக்காரரையும் வரச் சொல்லியிருந்தேன். என்னை நான் சேர்த்துக்கொள்வதாக இல்லை. அவர் கையில் மாவோடு வந்தார். கான்கிரீட் ஊற்றுவதை வேடிக்கை பார்க்க ஆட்டக்காரர்கள் இருபது பேராவது வந்திருந்தார்கள். மேஸ்திரி, தோண்டி வைத்த பள்ளத்தின் பக்கத்தில் நின்று, "இதை என்னம்மா பண்றது?" என்று கேட்டார். பதினெட்டுக் குழி மைதானத்தில் இப்போதுதான் உண்மையான குழி வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

ஆறு மணி ஆயிற்று. ஆறே கால் ஆயிற்று. நான் பாதையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு இருபதுக்கு வந்தான். தோளில் பை, பையின்மேல் பரண் தூசி அப்படியே இருந்தது. யாரையும் பார்க்கவில்லை. மேடைக்கு நேரே வந்து, ஒரு வட்டை எடுத்துச் சட்டையில் துடைத்தான்.

எனக்கு முன்பே தீர்மானம் இருந்தது. எறிந்தபிறகு சொன்னால் அது கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாற்பது பேர் நடுவில் சொன்னதை இருபது பேர் நடுவிலாவது திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது. "போன வருஷம் இதே இடத்துல என் தம்பியைப் பாத்து, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொன்னேன். நீங்களும் சிரிச்சீங்க. அட்டையெல்லாம் எடுத்துக் கணக்குப் பாத்துட்டேன். கூடம் கோணல்தான். கட்டினவ நான். அவன் நல்லாத்தான் ஆடினான்." பிறகு அவன் பக்கம் திரும்பினேன். "தப்பு என்னுதுடா. உன் இடம் போனது என்னால. அதைத் திருப்பித் தர எனக்கு வழியில்ல. மன்னிச்சுடு."

யாரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரர் தன் இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார். தம்பி என்னைப் பார்க்கவில்லை, வாசல் மரங்களைத்தான் பார்த்தான். பிறகு எறிந்தான்.

பழைய இடத்திலிருந்து பத்து எறிந்தான். எல்லாம் ஒரே மாதிரி புறப்பட்டவை. ஆறு மரத்தில் பட்டன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் தெறித்தது. மேஸ்திரிகூட, "அட, இதென்ன கூத்து" என்றார்.

நான் ஓரடி இடப்பக்கம் தள்ளி முளை அடித்தேன். அவன் எறிந்தான், தலையை ஆட்டினான். இன்னும் ஓரடி தள்ளினேன். மறுபடி ஆட்டினான். பேச்சில்லை. புதர் வெட்டிய காலத்தில் இருந்தே எங்களுக்கு வேலையில் பேச்சு தேவைப்பட்டதில்லை. அவன் விரலைக் காட்டுவான், நான் முளையைப் பிடுங்குவேன். ஐந்தாவது அடியில் வட்டு வாசலுக்குள் சற்றே வலப்பக்கம் நோக்கிப் புகுந்து, உள்ளே போய், இடப்பக்கம் சாய்ந்து, மூன்றாவது மரத்தைத் தொடாமல் கூடையருகே இறங்கியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். அங்கிருந்து பேக்கரிக்காரர் வாசலுக்குள் எறியாமல் இடப்பக்க மரத்துக்கு வெளியே சுற்றி எறிந்தார். அது வலப்பக்கம் வளைந்து உள்ளே வந்தது. நாலில் இரண்டைத் தவறவிட்டார். "கஷ்டமா இருக்கே" என்றார். "இப்பத்தான் சார் நமக்கும் குழி" என்றேன்.

மேஸ்திரியின் ஆட்களோடு நாங்களும் மண்வெட்டி பிடித்தோம். நான் வெட்ட, அவன் அள்ளிப் போட, பழைய பள்ளத்தை மூடினோம். புதிய பள்ளம் தயாரானது. பலகை அடித்து முடிக்கும்போது லாரி வந்து நின்று ஹார்ன் அடித்தது. இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தம்பி பையிலிருந்து இன்னொரு வட்டை எடுத்தான். பலகைகளுக்கு நடுவே, ஈர மண்ணில் நின்று, ஆடுகிற மாதிரி, முழு வேகத்தில் எறிந்தான்.

வட்டு இடப்பக்கமாகக் கிளம்பி, வாசலைச் சாய்வாகக் கடந்து, நேராகப் போய் மூன்றாவது மரத்தில் மோதி ஓடைக்குள் விழுந்தது.

'போச்சு, இதுவும் கோணலா?' என்று நான் நாடாவைக் கையிலெடுத்தேன்.

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான்.

"அக்கா," என்றான், "இது என் தப்பு. கைய முன்னாடியே விட்டுட்டேன். குழி சரியாத்தான் இருக்கு."

எனக்குக் கண்ணை மறைத்தது. நாடாவைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

"லாரிய கொஞ்சம் நிக்கச் சொல்லு" என்றான், பையில் கையை விட்டபடி. "இன்னொண்ணு எறியறேன்."

நான் நிமிர்ந்து இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே லாரிக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டார்.

"ஆகட்டும்" என்றார்.